பார்வை இல்லாத கண்ணில் செல் உயிரோடு இருக்கிறதா?

பிறந்து நாலைந்து மாதம் ஆகியும் குழந்தை அம்மா முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது, டியூப்லைட்டை வெறித்துப் பார்க்கிறது, அடிக்கடி முஷ்டியை மடக்கிக் கண்ணை அழுத்திக்கொள்கிறது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் கண் மருத்துவர் மனதில் வரும் பெயர்களில் ஒன்று லீபர் பிறவிப் பார்வையிழப்பு. தியோடர் லீபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1869-லேயே விவரித்த நோய் இது. பல குழந்தைகளுக்கு, சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து உள்ளே பார்த்தாலும் விழித்திரை கிட்டத்தட்ட நன்றாகவே தெரியும். ஈஆர்ஜி என்ற மின்சோதனை செய்தால்தான் கோடு தட்டையாக வந்து, வெளிச்சத்துக்கு விழித்திரை பதிலே சொல்லவில்லை என்பது தெரியவரும்.

இருபதுக்கும் மேற்பட்ட ஜீன்களில் எது கெட்டாலும் இந்த நோய் வரலாம். அதனால் ரத்தம் எடுத்து ஜீன் சோதனைக்கு அனுப்புகிறார்கள், சில வாரத்தில் ஒரு பெயர் வருகிறது: ஆர்பிஇ65, சிஇபி290, ஜியுசிஒய்2டி, ஏஐபிஎல்1 என்று ஏதோ ஒன்று. பெற்றோர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கூகுளில் தேடி, அதற்கு மருந்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, இருந்தால் நம்பிக்கையும் இல்லையென்றால் மனமுறிவும் கொள்கிறார்கள். ஆனால் ஜீன் ரிப்போர்ட் பாதிக் கதைதான். எந்த மருந்து என்பதைத்தான் அது சொல்லும். இந்தக் குழந்தைக்கு, இந்தக் கண்ணுக்கு, இப்போது அதைக் கொடுத்துப் பயன் உண்டா, விழித்திரையில் எந்த இடத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் படம்தான் சொல்ல வேண்டும். அந்தப் படம் சொல்வது பல நேரம் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும் என்பதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் சுவாரசியமான விஷயம்.

முதலில் கருவியைப் பற்றி. ஓசிடி என்று எல்லாக் கண் ஆஸ்பத்திரியிலும் கேட்டிருப்பீர்கள். 1991-ல் அமெரிக்காவில் எம்ஐடி குழு ஒன்று இதை முதலில் வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்கிட்டு, விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல ஒரு படம் தரும். கத்தி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சு பயம் இல்லை. விழித்திரை மொத்தமே கால் மில்லிமீட்டர், அதிலும் தடித்த இடத்தில் 0.3 மி.மீ. சொச்சம்தான். அதற்குள் இருக்கும் அடுக்குகளை ஏறக்குறைய 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் பிரித்துக் காட்டுகிறது இது. நமக்கு முக்கியம் வெளிப்பக்க அடுக்குகள். ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் தங்கள் உட்கருக்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு கருமையான பட்டை, அதற்குக் கீழே அந்த செல்களின் மைட்டோகாண்ட்ரியா நிறைந்த பகுதி பளிச்சென்று தெரியும் ஒரு வெள்ளைக் கோடு. கருப்புப் பட்டை தடிமனாக இருந்தால் செல் இருக்கிறது. வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடினால் அந்த செல் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. இரண்டும் மறைந்து போன இடத்தில் செல் இறந்துவிட்டது, அந்த இடத்தில் எந்த ஜீனைக் கொண்டுபோய்ப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது ஆர்பிஇ65-க்கு வருவோம். விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமி அடுக்கில் வேலை செய்யும் ஒரு என்சைம் இது. வெளிச்சம் பட்டதும் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மூலக்கூறு வடிவம் மாறிவிடும். அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பி, மறுபடி ஒளியுணர் செல்லுக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. இது கெட்டுப்போனால் விளக்கு இருக்கும், திரி இருக்கும், எண்ணெய் மட்டும் வராது. ஆகவே பல வருஷம் செல்கள் உயிரோடுதான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. மங்கலான வெளிச்சம் வந்தால் குழந்தை முழுக் குருடாகவே ஆகிவிடும். அப்புறம் மெதுவாக செல்களும் இறக்க ஆரம்பிக்கும்.

இதற்குப் படத்தில் ஒரு அழகான அடையாளமும் உண்டு. நீல ஒளியை அடித்தால் சாதாரண விழித்திரை தானாகவே லேசாக ஒளிரும், நிறமி அடுக்கில் சேர்ந்திருக்கும் லிப்போஃபசின் என்ற கழிவுதான் காரணம். அந்தக் கழிவு உருவாவதற்கே மேலே சொன்ன வைட்டமின் ஏ சுழற்சி ஓட வேண்டும். ஆர்பிஇ65 இல்லாத கண்ணில் சுழற்சி ஓடாததால் கழிவும் இல்லை, படம் பெரும்பாலும் இருண்டே வரும். ஓசிடியில் அடுக்குகள் ஓரளவு நன்றாக இருந்து, தன்னொளிப் படம் மட்டும் இருட்டாக இருந்தால், ஜீன் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அனுபவமுள்ள மருத்துவர் ஆர்பிஇ65 ஆக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ரிப்போர்ட்டில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று ஒரு வரி வந்து குழப்பும்போது இந்த ஊகம் ரொம்பவே கைகொடுக்கும்.

பிரியார்ட் என்ற பிரெஞ்சு நாய் இனத்தில் இதே ஜீன் கோளாறு இயற்கையாகவே உண்டு. 2001-ல் அந்த நாய்களுக்கு நல்ல ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தியபோது பார்வை வந்தது. லான்சலாட் என்ற நாய் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் வந்தது. 2008-ல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் மனிதர்களிடம் செய்த முதல் சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. பிலடெல்பியாவின் ஜீன் பென்னெட், ஆல்பர்ட் மகுவையர் குழு தொடர்ந்து நடத்திய வேலைதான் பிற்பாடு லக்ஸ்டர்னா என்ற மருந்தாக 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. அங்கே விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8.5 லட்சம் டாலர்.

அந்த அனுமதி வாசகத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அப்பா, அம்மாவிடமிருந்து வந்த இரண்டு பிரதிகளிலும் ஆர்பிஇ65 கோளாறு உறுதியாகி இருக்க வேண்டும், அதோடு சிகிச்சை தரும் மருத்துவர் கருதுகிறபடி 'உயிருள்ள விழித்திரை செல்கள்' இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு ரத்தம் போதும். இரண்டாவதற்குப் படம் வேண்டும். மூன்றாம் கட்டச் சோதனையில் இதற்கு வைத்த கணக்கு இப்படி: பின்புற விழித்திரையில் எங்காவது ஓசிடி தடிமன் 100 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது கண்நரம்பு வட்டைப்போல் மூன்று மடங்கு பரப்பாவது சிதையாமல் இருக்க வேண்டும், அல்லது நடுப்பகுதியில் 30 டிகிரிக்குள் பார்வைப்புலம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். 100 மைக்ரான் என்பது நம் தலைமுடி அகலம் அளவு. இவ்வளவு தாராளமாக ஏன் வைத்தார்கள் என்று தோன்றலாம். கொஞ்சம் செல் மிஞ்சியிருந்தாலும் வாய்ப்புக் கொடுக்கலாம் என்பதுதான் எண்ணம் என்று நினைக்கிறேன், அது நியாயமும்கூட. ஆனால் தடிமன் மட்டும் பார்ப்பதில் ஒரு ஏமாற்று உண்டு: வெளி அடுக்கு செத்துப்போனபின் உள் அடுக்குகள் தாறுமாறாகத் தடித்து மொத்த அளவைக் கூட்டிக் காட்டிவிடலாம். ஆகவே நல்ல மருத்துவர்கள் மொத்த எண்ணைப் பார்த்து நிறுத்த மாட்டார்கள், கருப்புப் பட்டையைத் தனியாக அளந்து பார்ப்பார்கள்.

அந்தச் சோதனையில் பலனை அளந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. தரையில் அம்புக்குறி வரைந்து, நடுவில் தடைகளை வைத்து, 1 லக்ஸிலிருந்து 400 லக்ஸ் வரை வெவ்வேறு வெளிச்சப் படிகளில் நடக்கவிட்டார்கள். 1 லக்ஸ் என்றால் வீட்டில் எரியும் சிறு இரவு விளக்கு, 400 என்றால் ஆபீஸ் வெளிச்சம். ஒரு வருஷம் கழித்து, மருந்து பெற்றவர்கள் சராசரியாக 1.8 படி மங்கலான வெளிச்சத்திலும் நடந்தார்கள், பெறாதவர்கள் 0.2 படி. சேர்ந்தவர்கள் மொத்தம் 31 பேர்தான், 4 வயதிலிருந்து 44 வயது வரை.

சரி, எங்கே ஊசி போடுவது? கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை முதலில் எடுத்துவிட்டு, மெல்லிய குழாய் ஒன்றை விழித்திரை வழியாக நுழைத்து 0.3 மில்லி திரவத்தை அடியில் செலுத்துகிறார்கள். விழித்திரை அந்த இடத்தில் கொப்புளம்போல் எழும்பும், அந்தக் கொப்புளம் தொட்ட செல்களுக்குத்தான் ஜீன் போய்ச் சேரும். அதாவது மருந்து விழித்திரை முழுக்கப் பரவுவதில்லை, இடம் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஓசிடி வரைபடத்தில் எங்கே செல் மிஞ்சியிருக்கிறதோ அங்கே கொப்புளம் எழ வேண்டும், செத்த நிலத்தில் எழுப்பிப் பயனில்லை. ஆனால் பார்வையின் நடுப்புள்ளியான ஃபோவியாவிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளித்தான் குத்த வேண்டும் என்று விதி. அந்த இடம் மெல்லியது, திடீரென்று தூக்கினால் ஓட்டை விழவோ செல்கள் அழியவோ வாய்ப்பு அதிகம். சில மையங்களில் அறுவை நுண்ணோக்கியிலேயே ஓசிடி பொருத்தி, திரவம் சரியான அடுக்கில்தான் போகிறதா என்று அறுவை நடக்கும்போதே பார்க்கிறார்கள். ஒரு விஷயம் என்னவென்றால், மிகவும் மெலிந்துபோன விழித்திரையில் இதே அறுவை இன்னும் ஆபத்து. ஆகவே கடைசிக் கட்டத்தில் வரும் குழந்தைக்குப் பலன் குறைவு, அபாயம் அதிகம்.

பார்வை குறைவாக இருந்தால் விழித்திரையும் மோசமாக இருக்கும் என்று நாம் இயல்பாகவே நினைக்கிறோம். ஜியுசிஒய்2டி கோளாறு இந்த நினைப்பைத் தலைகீழாக்குகிறது. பல பேருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. ஆனால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஜேக்கப்சன், ஆர்தர் சிடிசியன் குழு எடுத்த ஓசிடி படங்களில் பெரியவர்களிடம்கூடக் குச்சி செல்களின் அடுக்கு பெருமளவு அப்படியே இருந்தது. 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஜீன் சிகிச்சைச் சோதனையில், அதிக டோஸ் பெற்றவர்கள் சராசரியாக முன்பைவிட 100 மடங்கு மங்கலான ஒளியை உணர்ந்தார்கள். பார்வை மோசம், படம் நன்று என்றால் அதுவே நல்ல சகுனம். இதற்கு மாறாக, கொஞ்சம் பார்வை மிஞ்சியிருந்தும் அடுக்குகள் மெலிந்துவிட்ட குழந்தைக்குச் சிகிச்சையால் எதிர்பார்த்த அளவு கிடைக்காமல் போகலாம். பெற்றோரிடம் இதை விளக்குவது சுலபமில்லை என்பது புரிகிறது, ஏனென்றால் 'கொஞ்சம் தெரியுதே, அதனால் இன்னும் நேரமிருக்கு' என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நேரம் என்று வந்துவிட்டது, ஏஐபிஎல்1-ஐச் சொல்லாமல் முடியாது. லீபர் நோயில் மிக வேகமானது இது. பிறந்த சில வருஷத்தில் வெளி அடுக்கு போய்விடும். நான்கு வயதுக்குள்ளான சில குழந்தைகளின் ஓசிடியில் மட்டும் நடுப்பகுதியில் இன்னும் செல் இருப்பதை லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த ஜன்னல் மூடுவதற்கு முன் போயே ஆக வேண்டும் என்பதற்குப் படமே ஆதாரம். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் அறுவை நடந்தது. முதலில் ஒரு கண்ணில் மட்டும். 2025 பிப்ரவரியில் லான்செட்டில் முடிவு வந்தது. வெறும் வெளிச்சம் மட்டும் உணர்ந்த கண்கள் பொருட்களையும் உருவங்களையும் பார்க்கத் தொடங்கியிருந்தன. சிகிச்சை பெறாத கண் வழக்கம்போல் கெட்டுக்கொண்டே போனது. பெற்ற கண்ணில் அடுக்குகள் நன்றாக நின்றன என்பதையும் ஓசிடி காட்டியது. அதற்காகப் பிறந்ததும் ஓடிப்போய்ப் போட முடியுமா என்றால் முடியாது. ஆர்பிஇ65-க்கான லக்ஸ்டர்னாவையே 12 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பரிந்துரைப்பதில்லை, விழித்திரை செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போது ஜீன் நீர்த்துப்போகலாம் என்பதே காரணம்.

இந்தப் படங்களை ஒரு வயதுக் குழந்தையிடம் எப்படி எடுப்பது என்ற கேள்வி இங்கே வரத்தானே வேண்டும். பெரியவர்கள் மோவாயைத் தாங்கியில் வைத்து நீல விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். கண் ஆடும், அழும், பால் கேட்கும் குழந்தையிடம் அது நடக்காது. டியூக் பல்கலைக்கழகத்தின் சிந்தியா டாத் குழு முன்னோடியாக இருந்து, கையில் பிடித்து எடுக்கும் ஓசிடி கருவிகள் வந்தன. அம்மா மடியில் படுக்க வைத்து, பசியாற்றிவிட்டு, தூங்கும் நேரம் பார்த்து, டெக்னீஷியன் இமையை மெதுவாகப் பிரித்து எடுப்பார், சரிவராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து அறுவை அரங்கில். வேகம்தான் இதில் உயிர். பழைய கருவி விநாடிக்கு 400 கோடுகள் எடுக்கும், அதற்குள் கண் பலமுறை ஆடிவிடும், படம் அலையலையாக வரும். அடுத்த தலைமுறைக் கருவிகள் விநாடிக்கு 27,000 கோடுகள் என்று ஆரம்பித்தன. கண் ஆட்டமுள்ள குழந்தை தலையை ஒரு பக்கம் சாய்த்தால் ஆட்டம் குறையும் ஒரு நிலை பெரும்பாலும் இருக்கும், அனுபவமுள்ள டெக்னீஷியன் அந்த நிலையைக் கண்டுபிடித்து அங்கேயே எடுத்துவிடுவார். இன்னொன்று, பச்சைக் குழந்தையின் ஃபோவியா முழுசாக உருவாகியே இருக்காது. கூம்பு செல்கள் நெருங்கி அடுக்குவதற்கே சில வருஷம் ஆகும். பெரியவர்களின் சராசரியை வைத்து ஒப்பிட்டால் நல்ல கண்ணையும் நோயுள்ள கண் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

வேறு சில நோய்களில் படம் இன்னும் நேரடியாக வேலை செய்கிறது. பையன்களுக்கு மட்டும் பெரும்பாலும் வரும் எக்ஸ் குரோமோசோம் விழித்திரைப் பிளவு நோயில், அடுக்குகளுக்கிடையே நீர் அறைகள் தேனடைபோல ஓசிடியில் தெரியும். டார்சோலமைட் சொட்டு மருந்து போட்டு, அடுத்த முறை அறைகள் சுருங்கியதா என்று பார்த்துத் தொடர்வார்கள். குடும்பவழி விழித்திரை ரத்தநாளக் கோளாறில் ஓரப்பகுதியில் நாளங்கள் போகாமலே இருக்கும். சாயம் செலுத்தி அகலப் படம் எடுத்தால்தான் எங்கே நாளமில்லை, எங்கே கசிகிறது, எங்கே லேசர் வைக்க வேண்டும் என்று தெரியும். தொந்தரவே இல்லாத அப்பாவுக்கோ அண்ணனுக்கோ படம் எடுத்தால் அங்கேயும் மாற்றம் தெரிவது சாதாரணம். குழந்தைக்கு நோய் என்றால் வீட்டில் எல்லோரும் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டிய நோய் இது.

மருந்து போட்ட பிறகு என்ன? இங்கே நல்ல செய்தியோடு ஒரு கசப்பும் உண்டு. 2013-ல் சிடிசியன், ஜேக்கப்சன் குழு ஆர்பிஇ65 சிகிச்சை பெற்றவர்களின் ஓசிடிகளை வருஷக்கணக்கில் ஒப்பிட்டுச் சொன்னது: பார்வை கூடியது உண்மை, ஆனால் சிகிச்சைக்கு முன்பே சிதைய ஆரம்பித்துவிட்ட இடங்களில் கருப்புப் பட்டை அதே வேகத்தில் மெலிந்துகொண்டே போகிறது. லண்டன் குழுவும் 2015-ல், பலன் ஒரு உச்சிக்குப் போய்ப் பிறகு சரிந்தது என்று எழுதியது. பிலடெல்பியா குழு தங்கள் சோதனையில் பலன் வருஷக்கணக்கில் நீடிப்பதைக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் மருந்தும் அளவும் வேறு, அளந்த முறையும் வேறு, அதனால் இந்த வாக்குவாதத்தில் ஒரு பக்கத்தைச் சரி என்று சொல்ல நான் துணிய மாட்டேன். அப்புறம் 2022 வாக்கில், லக்ஸ்டர்னா பெற்ற சில கண்களில் ஃபோவியாவைச் சுற்றி விழித்திரையும் அதன் அடியும் தேய்ந்த திட்டுகள் படத்தில் தெரிந்து, மெதுவாகப் பெரிதாவதாகத் தகவல்கள் வரத் தொடங்கின. குழந்தை 'நல்லா தெரியுது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போதே படத்தில் இது நடக்கும். வருஷா வருஷம் ஓசிடியும் தன்னொளிப் படமும் எடுப்பதில் தவற விடக்கூடாது என்பது இதனால்தான்.

நம் ஊருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், லீபர் நோய் வகைகள் பெரும்பாலும் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து அதே பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21 படி இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் இந்தத் திருமணங்கள் அதிகம், கால் பங்குக்கும் மேல். இருவரும் கெட்ட பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கு அப்படிப்பட்ட எல்லாத் தம்பதிக்கும் ஒன்றுதான், ஆனால் அந்தக் கணக்கில் வந்து மாட்டும் தம்பதிகள் இங்கே அதிகம். ஜீன் ஆராய்ச்சி நடக்கும் இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன, சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்திலும் இதற்கென்றே ஆய்வகங்கள் உண்டு. இன்று உங்கள் குழந்தையின் ஜீனுக்கு மருந்து இல்லாவிட்டாலும் படங்களை எடுத்து வையுங்கள். அச்சிட்ட தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், ஸ்கேன் கோப்பையே பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். ஒரு சோதனை திறக்கும்போது, எந்த வேகத்தில் மெலிகிறது என்று காட்ட இரண்டு வயதுப் படமும் நான்கு வயதுப் படமும் அருகருகே இருந்தால் அதற்கு ஈடு வேறு இல்லை.

படத்தை எவ்வளவு நம்பலாம் என்ற சண்டை இப்போது மருந்து அனுமதி அலுவலகங்களில் நடக்கிறது. ஸ்டார்கார்ட் நோயில், பள்ளிப் பிள்ளைகளின் நடுப்பார்வையைத் தின்னும் அந்த நோயில், தன்னொளிப் படத்தில் கரும்பகுதி வளரும் வேகமே சோதனைகளின் முக்கிய அளவுகோல். இதேபோல் திட்டு வளரும் வயதானவர்களின் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) நோய் ஒன்றில், வளர்ச்சியைக் குறைத்ததைப் படம் காட்டியது என்ற அடிப்படையில் பெக்செட்டகோப்ளான் என்ற மருந்தை எஃப்டிஏ 2023-ல் அனுமதித்தது. அதே தரவைப் பார்த்த ஐரோப்பிய அமைப்பு 2024-ல் மறுத்தது, திட்டு மெதுவாகிறது சரி, நோயாளிக்கு அன்றாட வாழ்க்கையில் என்ன கிடைத்தது என்று கேட்டது. ஸ்டார்கார்ட் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஃபோவியாவில் ஒரு கடுகளவு கருத்தாலும் பாடப்புத்தகம் வாசிக்க முடியாது, அதைச் சுற்றி வளையமாகப் பெரிய பரப்பு கருத்தும் நடு மட்டும் தப்பியிருந்தால் வாசித்துவிடுவார்கள். ஆகவே மொத்தச் சதுர மில்லிமீட்டரோடு நிறுத்தாமல், நடுப்புள்ளியிலிருந்து கரும்பகுதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.